தாயில்பட்டியில் ஓடியவன்

தாயில்பட்டி நிறுத்தத்தில் நான் பஸ்ஸுக்காக நின்றபோது, பட்டாசு ஆலைப் பக்கமிருந்து அரைக்கால் சட்டையோடு ஒரு குள்ளமான ஆள் பறந்து வந்தான். ஆலை வெடித்துவிட்டது என்றே நம்பினேன். எங்கள் பக்கம் ஒருவர் ஓடினால் காரணம் கேட்பதில்லை. கூடவே ஓடுவதுதான் வழக்கம். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவன் ஏறிய சிவகாசி பஸ்ஸிலேயே நானும் ஏறிவிட்டேன். நான் போகவேண்டியது சாத்தூர்.

பின்சீட்டில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்த நண்பன் ஆரம்பித்தான்.

“ஏலே, நீ பஸ்ஸப் புடிக்க ஓடியாந்ததைப் பாத்து, ஆலை வெடிச்சிருச்சுன்னு பயந்து ஒரு மாமாவும் ஏறிட்டாருலே!”

நான் ஜன்னலுக்கு வெளியே மும்முரமாகப் பார்த்தேன்.

“கபடி டீமுக்கு ஆள் எடுக்கிற எடத்துல அம்புட்டுப் பேரும் ஆறடிலே. உன்னையத் தூக்கி வேலிக்கு வெளிய வச்சிருவானுக.”

“தூக்கணும்னா மொதல்ல புடிக்கணும்லே.”

“எடை மெஷின்ல ஏறும்போது பையையும் சேத்துத் தூக்கிக்கோ. வீரர் ஏலத்துல ஒருத்தனும் உன்னையக் கேக்கலையே?”

“கேக்கலை. அதான் சும்மாவாவது ஆடிக் காட்டுதேன்னு கெஞ்சி, இன்னைக்கு ஒரு வாய்ப்பு வாங்கிருக்கேன். இதுவும் போச்சுன்னா மறுபடி ஆலையில பட்டாசுத் திரி வெட்டத்தான் போகணும்.”

எப்படியும் ஊர் தவறியாயிற்று என்று, அவர்கள் இறங்கிய மைதானத்திலேயே நானும் இறங்கி வேலியோரம் நின்றேன். குள்ளன் மூன்று முறை கபடி பாடி எதிரணிப் பக்கம் போனான். மூன்று முறையும் ஆளைத் தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்பினான். அணியில் எடுக்கவில்லை. உயரம் பத்தாதாம்.