போர்வையோ மலையோ, ஊரே முதல்: சரிவு காத்த தலைமை ஆய்வாளருக்கு

மாண்பமை அம்மையீர்! மலையின் மனமறிந்த மதிவல்லீர்! பாறை பிளக்குமுன் அதன் பெருமூச்சைக் கேட்டுணர்ந்த பேரறிவாட்டியீர்! பணிநிறைவு பெறும் நும்மை, இப்பாறைச்சரிவுக் கண்காணிப்பு நிலையத்தார் யாவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

நீவிர் வந்த நாளில் இந்நிலையம் என்பது ஒழுகும் தகரக் கூரையும் ஒரு தொலைநோக்கியுமே. இடுப்பில் கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கி, சுத்தியலால் தட்டித் தட்டி, இது கெட்டி, இது பொக்கை என ஓசையாலேயே இனம் பிரித்தீர். மழைநீர் பாறைக்குள் தேங்காதவாறு துளையிட்டு வடித்தீர். பெரும்பிளவின் இருகரையிலும் இரும்பு முளை அறைந்து, இடையே கம்பி இழுத்துக் கட்டி, பிளவு விரிந்தால் நிலையத்தில் மணியடிக்கவும், மணியடித்தால் சங்கு ஊதி அடிவாரத்து ஊரை வெளியேற்றவும் வழி வகுத்தீர்.

அந்த மணி முதன்முதல் அடித்த நாளை மறப்போமா! சாலை மூடப்பட்டது, பள்ளி, கடை, மருத்துவமனை யாவும் வெறிச்சோடின, மலையோ அசையாமல் நின்றது. மேலேறிப் பார்த்தால், மலைமேல் குடியிருக்கும் நம் நிலையக் காவலரின் மனைவியார் தம் கம்பளிப் போர்வையைத் துவைத்து, நீர் சொட்டச் சொட்ட அக்கம்பியில் உலர்த்தியிருந்தார்! பேச்சு வழக்கை மடலில் எழுதுதல் மரபன்று, ஆயினும் அவர் அழுதுகொண்டே கூறியதைத் திருத்துவதற்கில்லை: "நல்ல வெயிலாச்சேன்னு போட்டுட்டேம்மா. ஒரு போர்வைக்கு ஊரே ஓடும்னு எனக்கெப்படித் தெரியும்?"

காவலரைப் பணிநீக்கம் செய்திருக்கலாம். கருவி பழுதெனக் கதை கட்டியிருக்கலாம். நீவிரோ சாலைத் தடுப்பருகே சென்று, வெகுண்டு நின்ற மக்கள்முன், "கம்பிய இழுத்தது மலையில்ல, ஒரு போர்வை. அங்க கொடி கட்டிக் கொடுக்காதது என் தப்பு" என்றீர். கூட்டத்திலிருந்த பேருந்து ஓட்டுநர் விட்டாரா? "ஏம்மா, நாளைக்கு ஒரு வேட்டி காயப் போட்டா மறுபடியும் ஓடணுமா?" என்று நக்கலடித்தார். "ஓடணும் தம்பி. ஊரைக் காலி பண்ணிட்டுத்தான் வேட்டியா மலையான்னு பாப்பேன்" என்றீர். ஊரே சிரித்தது. அன்றுமுதல் 'போர்வையம்மா' என்றே நும்மை அழைத்தது. மறுநாளே காவலர் வீட்டு முற்றத்தில் நும் கையாலேயே துணிக்கொடி கட்டினீர்.

பின்னொரு மழைக்காலம். அடைமழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்த காலையில் மணி மீண்டும் அடித்தது. அறையில் சிரிப்பொலி எழுந்தது. "அக்கா போர்வையத் தோச்சுட்டாங்க போல. ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன் மேடம்" என்று கருவிகளைப் பேணும் எங்கள் தோழர் செருப்பை மாட்டினார். நீவிர் வாயிலை மறித்து நின்று, "உட்காரு. முதல்ல சங்கு" என்றீர். சங்கு முழங்கியது. அன்று நக்கலடித்த அதே ஓட்டுநர் பேருந்தைச் சாலையின் குறுக்கே நிறுத்தி, "போர்வையோ மலையோ, எறங்குங்க! தப்புன்னா தப்புன்னு சொல்ற அம்மா அது, நம்பி ஓடுங்க!" என்று கூவினாராம். கடைசிப் பிள்ளையும் பள்ளி வாயிலைக் கடந்த பின்னரே பெரும்பிளவு வாய் திறந்தது. கடைத்தெரு கற்குவியலாயிற்று, கம்பி கட்டிய இடமே காணாமற் போயிற்று. ஓர் உயிரும் போகவில்லை! அன்று செருப்பு மாட்டிய தோழர் இதோ முன்வரிசையில், மடியில் மகளுடன் அமர்ந்திருக்கிறார். இதனினும் பெரிய விருது எந்த மேடையில் கிடைக்கும்?

ஆயினும் நெஞ்சு கொதிக்கும் ஒரு செய்தியை இங்கே கூறாதிருக்க இயலவில்லை. மணியடித்தால் நேரிற் சென்று உறுதி செய்த பின்னரே சங்கு ஊத வேண்டும் என ஒரு விதியை மேலிடத்தார் வகுத்து வைத்துள்ளனர். வீண் பதற்றம் தவிர்க்கவாம்! வகுத்தவருள் ஒருவரேனும் அச்சரிவின் அடியில் குடியிருப்பவரா? நேரிற் சென்று எதனை உறுதி செய்வது? பிணங்களின் எண்ணிக்கையையா? இச்சொல் கடிதெனின் கடிதாகவே நிற்க! நீவிர் அவ்விதியில் கையொப்பமிட மறுத்தீர். நும் நாற்காலி காலியானதும் காரியம் முடிந்துவிடும் எனச் சிலர் காத்திருக்கின்றனர். அவர்கள் இவ்வவையில் இருப்பின் செவிமடுக்கட்டும்: நாளை அந்நாற்காலியில் அமரவிருப்பவர் உட்பட நாங்கள் அனைவரும் மறுப்போலையில் ஒப்பமிட்டுவிட்டோம். ஊர் வெளியேறிய பின்னரே எங்கள் கால் மலையேறும்.

அம்மையீர்! முழங்காலில் வலியின்றி, மூச்சில் இளைப்பின்றி, மணியோசை கேட்டுத் திடுக்கிட்டெழ வேண்டாத உறக்கத்தோடு நெடிது வாழ்க! பொன்னும் பொருளும் தர வல்லோமல்லோம். காவலரின் மனைவியார் இத்தனை காலமும் மடித்துக் காத்த அக்கம்பளிப் போர்வையையே இம்மடலுடன் அளிக்கிறோம். துவைத்துத்தான் தந்திருக்கிறார். இனி அதனை நீவிர் விரும்பிய இடத்தில் உலர்த்துக; புதிய கம்பியில் மட்டும் வேண்டா. உலர்த்தினால் ஊரை வெளியேற்றிவிட்டுத்தான் வந்து பார்ப்போம்!

இங்ஙனம்,
நும்மால் பெருமையுற்ற
பாறைச்சரிவுக் கண்காணிப்பு நிலையப் பணியாளர்கள்

மடல் யாத்தவர்: அடிவாரப் பள்ளியின் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்