சாரதாம்பாள் கேட்ட ரெண்டு சீட்டு

...இல்லண்ணே, அந்தச் சீட்டு வேற, இந்தக் கிளி சோசியச் சீட்டு வேற. தெங்கேராவுல ஒரு சட்டைக்காரம்மா, வெள்ளக்காரக் கலப்பு, ராஜா ராணி சீட்டப் பரப்பி பலன் சொல்லுதாம். சொல்லட்டும். அது சூதாடுற சீட்டு. இது இருவத்தேழு நட்சத்திரத்துக்கு இருவத்தேழு சாமிப்படம். அச்சுல வர்றதுக்கு முன்னாடி ஓலையில இருந்த சங்கதி. கட்டம் போட்டு, கண்ண மூடி வெரல வெப்பாங்க, அகத்தியர் ஆரூடம்னு... இப்ப வெரலுக்குப் பதிலா கிளி மூக்கு. அவ்வளவுதான்.

உக்காருங்க, பஸ்ஸு வர நேரமிருக்கு. இந்த காஜா பெராங்ல பதினேழு வருசமா கிளியோட உக்காந்திருக்கேன், இப்படி ஒருத்தியப் பாத்ததில்ல. சாரதாம்பாள்னு, புக்கிட் காதில்ங்கற ஊர்ல இருக்கு. மகன் சேதுபதி, மெர்டேக்கா, சுதந்திரம் வந்ததுக்கு அப்புறம் வாத்தியார் வேல கெடச்ச பையன். எம்மக ஜெயாவப் பாக்க வந்தாங்க. கேசரிய ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டாங்க. புடிச்சிருக்குன்னுதான சொன்னாங்க?

அப்புறம் அந்தம்மா, ஒங்க கிளியும் ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கு வர்றேன்னு ஆள் அனுப்புச்சு. வந்துச்சு. கூண்டத் தொறந்தேன். அனுமார் சீட்டு. நல்ல சீட்டுண்ணே, காரிய சித்தி. மூச்சு விடாம பாட்டுப் படிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அனுமாரு கல்யாணமே கட்டலியே" ங்குது.

அதோட விட்டுச்சா... குளுவாங்ல இன்னொரு பொண்ணும் பாத்திருக்கோம், அதுக்கும் ஒண்ணு எடுங்கன்னுச்சு. முடியாதுன்னு சொல்ல முடியுமா? தொழிலு. கிளி எடுத்துச்சு, மகாலட்சுமி. ரெண்டு பக்கமும் யானை தண்ணி ஊத்துது. அந்தம்மா சீட்டக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிருச்சு. தை மாசம் குளுவாங்ல கல்யாணம். பத்திரிக்க வந்திருச்சு.

கிளிய ஏங்கண்ணே குத்தம் சொல்லணும்... சனீஸ்வரன், காளி, கெட்ட சீட்டு அத்தனையும் முந்துன நாளே நாந்தான் உருவி வெச்சுட்டேன். எம்மவளுக்குக் கெட்டது வந்துரக் கூடாதுன்னு. அந்தக் குளுவாங் பொண்ணுக்கும் சேத்துக் கேப்பாங்கன்னு யாரு கண்டா?

ஜெயாகிட்ட ஒளிக்காம சொல்லிட்டேன். அழும்னு நெனச்சேன். சோத்தப் போட்டுக்கிட்டே கேக்குது, "எனக்கு அவரப் புடிச்சிருந்துச்சுப்பா. அத நீங்க அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

ஒரு அப்பன் போயி அத எப்படிண்ணே சொல்லுவான்... ம்? பஸ்ஸு வந்திருச்சா? ஏறுங்க, ஏறுங்க.