கைமேல் கை

நெவிலுக்குத் தேநீர் கொடுப்பதானால் கோப்பையில் பாலைத்தான் முதலில் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் தொட மாட்டான். உங்கள் காகிதங்களில் இது எங்கேயும் இருக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அவனை வைத்திருக்கிற, மலைமேல் இருக்கிற அந்த விடுதிக்கும் சொல்லி அனுப்பினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம் ஆள் குடிக்க மாட்டேன் என்கிறார், சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று மூக்கால் அழுதார்கள்.

டேப் ஓடட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. கவுன்சிலிலிருந்து வந்திருக்கிறீர்கள், கேட்பது உங்கள் வேலை. என் பெயர் லோர்னா ஹாவர்த். வயது ஐம்பத்தேழு. கற்பதில் சிரமம் உள்ள பெரியவர்களுக்கான பகல்நேர மையத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர். அதில் நெவில் முழுக்க என் பொறுப்பு. நாற்பத்து நான்கு வயது, நல்ல கனத்த ஆள். பேச்சு இரண்டே வார்த்தை. ஒன்று டீ. இன்னொன்று மேவ். மேவ் என்றால் மேவிஸ், அவனுடைய அக்கா. அம்மா போன பிறகு அவள்தான் வீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுச் செருப்பு செய்யும் தொழிற்சாலையில் தையல் வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து சரியாக மூன்றரைக்கு அந்தப் பச்சை மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நிற்பாள். லங்காஷயர் மழையில் வேறு எந்தக் கோட்டு தாங்கும்.

கைமேல் கை என்று எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. ஸ்பூன் பிடிக்க, பொத்தான் போட, பல் தேய்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். பின்னால் நின்றுகொண்டு அவர்கள் கைமேல் நம் கையை வைத்து நாமே செய்ய வேண்டும். கொஞ்ச நாள் போனதும் பிடியை மணிக்கட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு முழங்கைக்கு. பிறகு விட்டுவிட வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்வார்கள். பயிற்சி கொடுக்கிறவர்கள் நெவிலைப் பார்த்ததில்லை. பதினான்கு வருடத்தில் நான் மணிக்கட்டு வரைக்கும் வந்திருந்தேன். அவன் முதலில் இடது கையைத்தான் எதற்கும் நீட்டுவான். அதை எடுத்து மடியில் வைத்துவிட்டு வலதைப் பிடிப்பேன். அந்த வலது கையை உருவாக்கியது நான். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றைந்து செப்டம்பரில், ஓவிய சிகிச்சை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டரை முதல் மூன்றரை வரை. நடத்தியது ஜூடித் ஹெஸ்லோப். முப்பது வயதுகூட ஆகாத பெண், காதுக்கொரு நிறத்தில் தோடு. ஆறு பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். கதவைச் சாத்திவிட வேண்டும். நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது, இது என்ன என்று துளைக்கக் கூடாது. ஒருவர் தாளில் இன்னொருவர் கை படக் கூடாது. வரைந்ததெல்லாம் அவரவர் பெயர் எழுதிய உறையில் போகும். கடைசியில் எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்பி எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டுமாம்.

நெவில் வரைந்தது ஒரே படம்தான். கறுப்பில் ஒரு வட்டம், அதன் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்கும் ஒரு கோடு. வாரா வாரம் அதே கிறுக்கல். வரையும்போது தாளைக்கூடப் பார்க்க மாட்டான். ஜூடித்தின் தலைக்கு மேலே சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். கவனம் இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கு ஒரு பூவைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கை வைத்தேன். ஜூடித் என் பக்கம் திரும்பினாள்.

“வேணாம் லோர்னா. அது அவரோட தாள். அவர் கைய விட்டுருங்க.”

ஆறு பேருக்கு முன்னால் சொன்னாள். கோபம் வந்தது. அவன் வாயைத் துடைத்தவள் நான், அவனைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனவள் நான். நேற்று முளைத்தவள் எனக்குக் கையைப் பற்றிப் பாடம் எடுக்கிறாள். பிஸ்கட்டுத் தட்டை நகர்த்தி வைத்தேன்.

ஆனால் வலது கையில் தூரிகை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. இடது கையை நான் என் கைக்குள் வைத்துக்கொள்வேன், ஓரிடத்தில் இருக்காது அது. நாலைந்து தடவை தூரிகை தரையில் விழுந்த பிறகு ஜூடித்தே இறங்கிவந்தாள். மணிக்கட்டுக்கு அடியில் மட்டும் தாங்கிக்கொள்ளச் சொன்னாள். நகர்த்தக் கூடாது, விழாமல் இருந்தால் போதும் என்றாள். சரி என்றேன்.

ஜூன் மாதம் ஒரு நாள் வாசலில் மேவிஸ் நெவிலின் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள், செப்டம்பரில் மோர்காமுக்குக் குடிபோகிறார்களாம். கடலுக்குப் பக்கத்தில் சின்ன வீடு பார்த்துவிட்டாளாம். கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இங்கே பழகிய ஆள், புது இடத்தில் கையைப் பிடித்துச் சாப்பிட வைக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

“வீட்டுல அவன் தானாவே சாப்பிடுறான் கண்ணு. ஒரு பருக்கை கீழ சிந்தாது. உங்கிட்ட வந்தாத்தான் கை கேக்குறான்.”

பச்சைப் பொய். வாய் கூசாமல் சொன்னாள். பதினான்கு வருடத்தை ஒரு சிரிப்பில் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்குத் தெரியாது.

அடுத்த செவ்வாய் அவன் ஒரு வீடு வரைந்தான். வீட்டுக்குப் பக்கத்தில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு பெரிய ஆள். நான் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஒருவர் கூடவே பதினான்கு வருடம் இருந்தால் அவருக்குள் என்ன இருக்கிறது என்று உங்கள் கைக்கே தெரிந்துவிடும். அதை அவனால் சொல்ல முடியாது, என் கை வழியாக வந்தது. ஜூடித் எழுந்துவந்து குனிந்து பார்த்தாள். ஒன்பது மாதம் கறுப்பு வட்டத்தையே பார்த்தவளுக்கு வேறெப்படி இருக்கும். அன்றுதான் முதல்முறையாக எனக்கு நன்றி சொன்னாள்.

இரண்டாவது வாரம் பச்சைக் கோட்டுக்காரி கையை ஓங்கியிருந்தாள். மூலையில் ஒரு சின்ன ஆள். மூன்றாவது வாரம் தாழ்ப்பாள் போட்ட கதவு, அதற்குப் பின்னால் அந்தச் சின்ன ஆள், முழுக்கச் சிவப்பு. ஜூடித் அவசரப்படவில்லை, அதை நான் ஒப்புக்கொள்வேன். குனிந்து, பச்சையைத் தொடாமல் விரலால் காட்டி, இது யார் என்று அவனிடமே மெதுவாகக் கேட்டாள்.

“மேவ்” என்றான்.

அப்போது மணி மூன்று இருபத்தைந்து. அந்த நேரத்துக்கு ஜன்னலைக் காட்டிக் கேட்டாலும் மேவ் என்றுதான் சொல்வான், நாற்காலியைக் காட்டினாலும் மேவ்தான். அவள் வரும் நேரம் அது. மையத்தில் எல்லோருக்கும் இது தெரியும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோகும் ஜூடித்துக்குத் தெரியாது. என்னிடம் அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவன் வலது மணிக்கட்டில் கன்றிப்போன தடம் இருந்தது. மேலே நான்கு, அடியில் ஒன்று. நான்தான் பார்த்தேன், நான்தான் எழுதினேன், மேலாளர் புகைப்படம் எடுத்தார். விரல் தடங்கள், வீட்டிலிருந்து வரும்போதே இருந்தன என்று எழுதினேன். எழுதியதில் பாதி உண்மை. வீட்டிலிருந்து வரும்போது இருக்கத்தான் செய்தன. முந்தின நாள் வீட்டுக்குப் போகும்போதும் இருந்திருக்கும்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. கூட்டம் போட்டார்கள். படங்களை நடுவில் வைத்து எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேவிஸைப் போலீஸ் கூப்பிட்டு விசாரித்தது. அவள் கைகளைக்கூடப் பார்த்தார்களாம், தையல் வேலையில் காய்த்துப்போன பெரிய கைகள், பொருந்துகிறது என்றார்களாம். என் கையை யாரும் பார்க்கவில்லை. நெவிலை அந்த வாரமே விடுதிக்கு அனுப்பினார்கள். பகலில் மட்டும் எங்கள் மையத்துக்கு வேனில் வருவான். அக்கா பார்க்கக் கூடாது என்று உத்தரவு. மோர்காம் வீடு கைவிட்டுப் போனது. அவள் கதவில் யாரோ பெயிண்டால் ஒரு வார்த்தை எழுதிவைத்தார்கள், அதை நான் சொல்ல மாட்டேன்.

அவள் அப்போதும் வந்தாள். மூன்றரைக்கு, பச்சைக் கோட்டோடு, கேட்டுக்கு வெளியே. மேலாளர் போய்ப் போகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை அவருக்குப் பதில் நான் போனேன். என்னைப் பிடித்து உலுக்குவாள், காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் கெஞ்சினாள்.

“லோர்னா, உனக்கு அவனத் தெரியும்ல. நீயாவது சொல்லு. நான் அவன் மேல கை வச்சதே இல்லன்னு நீ சொன்னா நம்புவாங்க.”

உள்ளே நெவில் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்திக்கொண்டு மேவ், மேவ் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னால் ஆவது ஒன்றுமில்லை மேவிஸ் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஏழு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டான். கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அந்த விடுதிக்காரர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

எனக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய் நான் போகவில்லை. ஜூடித் அன்று உறைகளைத் திறந்து படங்களைத் தரையில் பரப்பியிருக்கிறாள். நெவில் வீட்டையும் பார்க்கவில்லை, கதவையும் பார்க்கவில்லையாம். அதன் மேலேயே நடந்து போய், பழைய கறுப்பு வட்டம் ஒன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டானாம். பிறகு மேஜையில் உட்கார்ந்து தூரிகையை இடது கையில் எடுத்தானாம். யாரும் தாங்கவில்லை, ஒரு தடவைகூட விழவில்லை. அழுத்தமாக வட்டம் போட்டு, நேராகக் கீழே கோடு இழுத்து, தலையைத் தூக்கி சுவரைப் பார்த்து, மேவ் என்றானாம்.

ஜூடித் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவள் தலைக்கு மேலே சுவரில் கடிகாரம். பெரிய முள் நேராகக் கீழே நின்றது. மூன்றரை.

அதற்கு மறுநாள் அவள் என்னிடம் வந்தாள். நான் ஏதாவது சொல்வதற்குள் அந்தச் சின்னக் கட்டைவிரல் தடத்தின் புகைப்படத்தை என் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தாள். எனக்கு அது மரியாதையாகப் படவில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வீட்டையும் பச்சைக் கோட்டுக்காரியையும் ஓங்கின கையையும் கதவையும் வரைந்தது நான். மேவிஸ் அவனை அடித்து நான் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. மூன்றாவது வாரம் அவன் முரண்டு பிடித்தான். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான், இன்னொரு கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். படம் பாதியில் நின்றது, கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை. அதனால் இறுக்கிப் பிடித்தேன். அவனுக்குத் தோல் மெல்லியது. இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவன் மேவிஸோடு வீட்டுக்குப் போகட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஒன்று மட்டும். வீட்டுக்குப் போகச் சம்மதம் என்று நெவிலும் ஒரு தாளில் தன் அடையாளத்தைப் போட வேண்டும் என்றீர்கள். தனியாக அவனால் முடியாது, பேனா விழுந்துவிடும். மணிக்கட்டை யாராவது தாங்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு நான் சும்மாதான் இருக்கிறேன்.