கதவடியில் நின்று கூரை காத்த றொசெத்தா அம்மையாருக்கு

உரோமாபுரியில் உதித்து, ஒன்ராறியோவில் உழைத்து, அறுபத்து நான்கு வீட்டாரின் அழுகைக்கும் அதட்டலுக்கும் அசையாது அலுவலகக் கதிரையில் அமர்ந்திருந்த அம்மையே! எண்ணிக்கையில் எவரும் ஏமாற்ற இயலாத ஏந்தலே! சீனியில்லாக் கோப்பியின் சீமாட்டியே! பார்க்டேல் ஏரியோரக் கூட்டுறவு வீடமைப்புச் சங்கத்தின் இணைப்பாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருமதி றொசெத்தா பெலூச்சி அவர்களே! எங்கள் எல்லோருக்கும் றொசெத்தா அன்ரியே! வணக்கம்.

இம்மடலைச் சங்கத்தின் அலுவலர்களும் நிருவாக சபையினரும் சேர்ந்து அளிக்கிறோம். எழுதுகிற கை மட்டும் உங்கள் உதவியாளர் ஜெயமலருடையது. என் மகள் துர்க்கா உங்கள் பக்கத்தில் இருந்து வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொல்லுவாள். இதன் முடிவு அவளுக்கும் தெரியாது. ஆகையால் அவளுடைய முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ள முயல வேண்டாம்.

நாளை திங்கட்கிழமை, ஆனி முப்பது. நீங்கள் குடியிருக்கும் 206ஆம் இலக்க வீடு பதவியோடு வந்த வீடு. பதவி போனால் வீடும் போகும் என்பது விதி. நிருவாக சபை உங்களை அங்கத்தவராகச் சேர்த்தால் ஒழிய, நாளை பின்னேரம் நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, வூட்பிரிட்ஜில் உங்கள் தமையன் மகனுடைய நிலவறைக்குப் போகவேண்டும். வாழைக்குலைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கி நாடா ஒட்டியும் விட்டீர்கள். தலைவர் செல்வரட்ணம் அண்ணை கேட்டபோது, "அடுத்தவருக்கு விதி, எனக்குச் சலுகையா?" என்று மறுத்தீர்கள். ஊருக்கெல்லாம் விண்ணப்பம் நிரப்பிய கை தனக்கென்று ஒரு தாளை எடுக்கவில்லை. அதில் எங்களுக்கு வருத்தம் மட்டுமல்ல, கோபமும் உண்டு.

அரசியல் அறிந்த அம்மையே! எங்கள் சபையில் ஏழு பேர். மூன்று தேர்தல் நடந்தும் கணக்கு மாறவில்லை: செல்வரட்ணம் அண்ணையின் பக்கம் மூவர், எதிர்ப் பக்கம் நால்வர். அந்த நால்வரும் அவரை ஆதரிக்கமாட்டார்கள், கவிழ்க்கவும் மாட்டார்கள். கவிழ்த்தால் வெளியார் ஒருவர் வந்து எங்கள் வீடுகளை ஆளுவார் என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. இப்படி ஒரு சபை ஒரு மாதம் தாங்குமா என்று நாங்கள் கையைப் பிசைந்தபோது, நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். "நான் வளர்ந்ததே இப்படி ஒரு நாட்டில்தானே" என்றீர்கள்.

அன்று நீங்கள் சொன்ன கதையைச் சபையோர் கேட்கட்டும். போருக்குப் பிந்திய இத்தாலியில், உரோமாபுரி அமைச்சு ஒன்றில் நீங்கள் தட்டச்சாளர். ஐம்பத்து நான்காம் ஆண்டு சனவரியில், பெரும்பான்மை இல்லாத ஒரு கட்சி தனித்து அமைச்சரவை அமைத்தது. உங்கள் தந்தையாருக்கு அரசாங்க வீடு ஒதுக்கும் கடிதத்தை நீங்களே தட்டச்சுச் செய்து, கையொப்பத்துக்கு வைத்திருந்தீர்கள். பன்னிரண்டே நாளில் அமைச்சரவை நம்பிக்கை வாக்கில் தோற்றது. அடுத்து வந்தவர் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. உங்கள் தந்தையார் கடைசிவரை ஒற்றை அறையில் வாழ்ந்து மறைந்தார்.

அறுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் வந்த இன்னொரு சிறுபான்மை அமைச்சரவையோ இலையுதிர்காலம் வரை தாக்குப்பிடித்தது. சோசலிசக் கட்சியார் அதற்கு ஆதரவாகவும் வாக்களிக்கவில்லை, எதிராகவும் வாக்களிக்கவில்லை. அந்த நாட்டு மேற்சபையிலே சும்மா இருப்பவரும் எதிர்த்தவராகவே எண்ணப்படுவார் என்றும், ஆகையால் கவிழ்க்க விரும்பாதவர் சிலவேளை எழுந்து வெளியே போய் நிற்பார் என்றும் விளக்கினீர்கள். எங்கள் சங்கத்தின் விதியும் அதே விதி. அறையில் இருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர் கை உயர்த்தவேண்டும், ஐவராவது அறையில் இருக்கவேண்டும். ஏழு பேரில் சரியாக இருவர் வெளியே போனால் மூன்று கை வெல்லும். ஒருவர் மட்டும் போனால் தோல்வி. மூவர் போனால் கூட்டமே இல்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு மாசியில் அந்தக் கணக்கில் தொங்கியது என்னுடைய வீடு. அங்கத்துவம் கணவரின் பெயரில் இருந்தது. அவர் எங்களை விட்டுப் போய்விட்டார். என் பெயருக்கு மாற்றாவிட்டால் இரண்டு பெண் பிள்ளைகளோடு நான் பனிக்குள் இறங்கவேண்டும். எதிர்ப் பக்கத்தின் மூத்தவரான பத்மநாதன் அண்ணை, "நான் இதுக்குக் கை தூக்கமாட்டன். வெளியிலை நிக்கிறன்" என்று எழுந்தார். அதே பக்கத்துக் கிறிஸ்ரினா அக்காவும் எழுந்தார். கணக்குச் சரியாக இருந்தது. அப்போது அந்த நால்வரில் இன்னொருவரான நீக்கிலாப்பிள்ளை அண்ணையும் எழும்பிவிட்டார்! "அண்ணை தனியப் போறார், பார்த்துக்கொண்டு இருக்கிறது மரியாதையில்லை" என்றாராம். எங்கள் சனத்தின் மரியாதை என் கூரையைப் பிடுங்கப் பார்த்தது.

அறையில் நால்வர். பத்து நிமிடத்துக்குள் ஐவராகாவிட்டால் கூட்டம் கலையும். நீங்கள் நடையோரம் ஓடி, "ஒருவர் மட்டும் வாருங்கள்" என்று கெஞ்சினீர்கள். "நீங்கள் போங்கோ அண்ணை." "இல்லையில்லை, நீர் போம்." ஆளையாள் உபசரித்துவிட்டு மூவரும் சேர்ந்தே கதவை நோக்கி நடந்தார்கள். மூவரும் வந்தால் தோல்வி, ஒருவரும் வராவிட்டாலும் தோல்வி. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களோ நீக்கிலாப்பிள்ளை அண்ணையின் சட்டைக் கையைப் பற்றி உள்ளே இழுத்து, மற்ற இருவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றீர்கள். மூன்று கைகள் உயர்ந்தன. நானும் பிள்ளைகளும் இன்றுவரை அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

அஞ்சா நெஞ்சத்து அன்னையே! நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம் சபை கூடியது, உங்களுக்கு அங்கத்துவம் கொடுப்பதா என்று தீர்மானிக்க. விண்ணப்பத்தை நீங்கள் எழுதாததால் நாங்கள் எழுதினோம். உங்களைப் பற்றிய விடயம் என்பதால் நீங்கள் உள்ளே வரவில்லை. குறிப்பு எடுத்தது நான். ஏழு பேரும் வந்திருந்தார்கள். கதவடியில் நிற்க நீங்கள் இல்லை.

செல்வரட்ணம் அண்ணை தீர்மானத்தை வாசித்தார். கிறிஸ்ரினா அக்கா எழுந்து வெளியே போனார். அறையில் ஆறு பேர். இன்னும் ஒருவர் போகவேண்டும். பத்மநாதன் அண்ணை அசையவில்லை. மேசையில் கிடந்த காத்திருப்போர் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழும்பாமல் நீக்கிலாப்பிள்ளை அண்ணை எழும்பமாட்டார். எதிர்ப் பக்கத்தின் நான்காமவர் வாக்களிக்காமல் அறைக்குள்ளேயே இருந்து தீருவேன் என்று முன்னமே சொல்லிவிட்டார். செல்வரட்ணம் அண்ணை இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

பிறகு பத்மநாதன் அண்ணை பட்டியலை என் பக்கம் தள்ளினார். "206 வெறுமையானால் அடுத்த பேர் பாலேஸ்வரி. அது என்ரை கூடப்பிறந்த தங்கச்சி. சென் ஜேம்ஸ் ரவுணிலை நாலு பிள்ளையளோடை ஒரு அறைக்குள்ளை இருக்கிறாள். நான் இதிலை இருக்கிறது சரியில்லை" என்றார். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும், தீர்மானம் தோற்று, வீடு அவருடைய தங்கைக்குப் போயிருக்கும். அவர் எழுந்தார். கூடவே நீக்கிலாப்பிள்ளை அண்ணையும் பாதி எழும்பினார்! கதவடியில் பத்மநாதன் அண்ணை திரும்பி, "நீக்கிலா, நீ இரு" என்றார். வெளியே போய், கதவைச் சாத்தி, கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அறையில் ஐவர். மூன்று கைகள் உயர்ந்தன.

ஆகவே அம்மையே, 206 உங்கள் வீடு. நாளை சாவி தரவேண்டாம். பெட்டிகளை அவிழ்க்க இருபது பேர் வருகிறோம், மறுக்காதீர்கள். பாலேஸ்வரி இன்னும் காத்திருக்கிறார் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. அடுத்து வெறுமையாகும் வீடு அவருக்கே என்று பட்டியல் சொல்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது இனி எங்கள் கடமை. நீங்கள் நோயின்றி, நொடியின்றி, உங்கள் சொந்தச் சன்னலோரத்தில், உங்கள் சொந்தக் கோப்பியோடு, எவரும் எழும்பச் சொல்லாத கதிரையில் நெடுங்காலம் அமர்ந்திருக்க எல்லாம் வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம்!

றொறன்ரோ
29.06.1997

இங்ஙனம்,
உங்கள் அன்பை மறவா அலுவலர்களும் நிருவாக சபையினரும்

ஜெயமலர்
செல்வரட்ணம்
கிறிஸ்ரினா
நீக்கிலாப்பிள்ளை
பத்மநாதன் (வாழ்த்துக்கு மட்டும். தீர்மானத்துக்கு அல்ல.)