கல் விளையும் காடு

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால், எங்கள் பஸ் கரிவாயு அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு விடிகாலையில் சேலத்திலிருந்து முக்கி முனகிப் புறப்பட்டது. முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். புன்செய்க் காடு வாங்கப் போகிறார்கள் என்பது ஊர் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"கல்லு வெளையற காட்டைத்தான் வாங்கோணும் புள்ள. மண்ணுக்குள்ள வெள்ளைக்கல்லு இருந்தா, அதை வாங்கச் சுரங்கத்துக்காரன் நம்ம ஊட்டு வாசல்ல வந்து நிப்பான்."

"நம்ம மாடு கல்லைத் திங்குமாங்க? புல்லு இருக்குற காடாப் பாருங்க."

"புல்லு எங்க வேணாலும் மொளைக்கும்."

ஒரு திருப்பத்தில் கிளுவை வேலி போட்ட காடு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று சிதறிக் கிடந்தது. அவர் துள்ளி எழுந்ததில் தலை கூரையில் இடித்தது.

"பாரு புள்ள! அத்தனையும் வெள்ளைக்கல்லு! தோண்டாமயே மேல கெடக்குது! டிரைவரண்ணா, நிறுத்துங்க!"

பஸ் பெரிதாக இருமி நின்றது. அந்தச் சத்தத்தில் கற்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்று கத்தத் தொடங்கின. எருவுக்காக ராத்திரி அந்தக் காட்டில் கிடை போட்டுப் படுக்க வைத்திருந்த வெள்ளைக் குரும்பாடுகள்.

பஸ்ஸே சிரித்துக் குலுங்கியது. கண்டக்டர் சிரித்த சிரிப்பில் விசில் வாயிலிருந்து விழுந்தது. அந்த அம்மாள் மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினாள்.

"எறங்குங்க மாமா. பக்கத்துல புல்லு இல்லாமயா இத்தனை ஆடு படுத்திருக்குது? இது யாரு காடுன்னு கேப்போம்."

"அப்ப கல்லு?"

"அதுதான் நடந்தே வருதுங்களே, வண்டிக் கூலியும் மிச்சம்."