பிரேக் இருந்த பக்கம்

பழைய புல்லட்டுக்குக் காலையில் முதல் உதை வீணாகத்தான் போகும். அதற்கு வருத்தப்படக் கூடாது. நின்றே கிடந்த வண்டி, கொஞ்சம் இருமிவிட்டுத்தான் பிடிக்கும். ஆனால் நான் வேலை முடித்துக் கொடுத்த பிறகு சுதர்சனின் புல்லட் எப்போதும் முதல் உதையிலேயே பிடித்தது. ஐயா, விபத்துக்கு மறுநாள் நீங்களே ஸ்டேஷன் வாசலில் உதைத்துப் பார்த்தீர்கள். முன் சக்கரம் வளைந்து கிடந்தபோதும் பிடித்தது. “இவ்ளோ பழைய வண்டிய யாருப்பா இப்படி வச்சிருக்கிறது?” என்று கேட்டீர்கள். யாரோ என்னைக் காட்டினார்கள். “பொம்பளப் புள்ளையா!” என்று சிரித்தீர்கள். பிறகு, இரண்டு பிரேக்கும் நல்ல நிலை, இயந்திரக் கோளாறு இல்லை, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவர் என் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் என்னைப் பற்றி எனக்கே பயம் வந்தது.

நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்காவது முன்பின் ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் எழில். திண்டிவனம் ரோட்டில் ஒரு பட்டறையில் மெக்கானிக். மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். தினமும் ஆங்கிலத்தில் டைரி எழுதிக் காட்ட வேண்டும். சுதர்சன் பழக்கமானது அந்த வகுப்பில்தான். அவர்கள் சமண வீடு. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டான். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே டிபன் டப்பாவோடு வந்து, வகுப்பு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவான். பாதி எனக்கு. ரோட்டில் எறும்பு வரிசை போனால் வண்டியை விட்டு இறங்கி, ஓரமாக உருட்டிக்கொண்டு போகிறவன். நான் சிரிப்பேன்.

“சிரி, சிரி. அதுங்களுக்கும் வூட்ல யாராவது காத்துக்கினு இருக்கும்” என்பான்.

அவன் வண்டியில் அப்போது பின் சீட் கிடையாது. கேரியர் கம்பிமேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்வேன். தளவானூர் குகைக்கோயில் வரைக்கும் போய்விட்டு வருவோம். திரும்பும்போது செஞ்சிக்குள் நுழைவதற்கு முன்பே என்னை இறக்கிவிடுவான். அங்கிருந்து எங்கள் காலனிக்கு நடந்துவிடுவேன். அவன் வண்டியில் நான் கழற்றிப் பார்க்காத போல்ட் இல்லை. அவன் வீட்டு வாசற்படிக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஒருநாள் பட்டறைக்கு வந்து, “ரம்யான்னு ஒரு பொண்ணு. வூட்ல முடிச்சிட்டாங்க” என்றான்.

“என்னப் பத்தி வூட்ல சொன்னியா?”

“சொன்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா எழிலு? நீயாவது புரிஞ்சிப்பேன்னு நெனச்சேன்.”

புரிகிறது என்றேன். அதற்கப்புறமும் அவன் கிளம்பவில்லை. வண்டியின் டேங்கைத் தடவிக்கொண்டே நின்றான்.

“கல்யாணத்துக்குள்ள இத்த ரெடி பண்ணிக் குடு. செத்துப்போன எங்க நைனா வாங்கனப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும். பின்னாடி மட்டும் நல்ல சீட்டா ஒண்ணு போட்டுடு. அவ கேரியர்ல குந்த மாட்டா.”

“வேற மெக்கானிக்கே இல்லியா செஞ்சியில?”

“உன் கையத் தவிர வேற கை இதும்மேல பட வேணாம்.”

இதைக் கேட்டு எனக்குள் ஏதோ குளிர்ந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது.

வேலையை நன்றாகச் செய்தேன். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவி, காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்கும்படி வைத்தேன். வால்வு இடைவெளியைச் சரி செய்தேன். தேய்ந்துபோன பிளக்கை மாற்றினேன். செயினின் தொய்வை எடுத்தேன். இரண்டு சக்கரத்துக்கும் புது பிரேக் ஷூ போட்டேன். மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வண்டி அப்புறம் திணறவே இல்லை. கடைசியாகப் பின் சீட்டைப் பொருத்தினேன். ரம்யா கால் வைப்பதற்கான கட்டையை நான்தான் முறுக்கினேன். ஆடுகிறதா என்று என் முழு எடையையும் அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

இனி கியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இப்போதைய வண்டிகளில் கியர் இடது காலுக்கு, பின் பிரேக் வலது காலுக்கு. அந்தக் காலத்து புல்லட்டில் அது மாறி இருக்கும். கியர் வலது கால், பிரேக் இடது கால். சுதர்சனின் நைனா பிற்பாடு ஒரு இணைப்புக் கம்பி போட்டு, மற்ற வண்டிகளைப் போல மாற்றி வைத்திருந்தார். சுதர்சன் ஓட்டப் பழகியது அப்படித்தான். நான் அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, கியரையும் பிரேக்கையும் முதலில் இருந்தபடி வைத்தேன். நைனா வாங்கியபோது இருந்தபடி. அவன் கேட்டதும் அதுதானே. அதுவரை என் மனதில் வேறொன்றும் இல்லை என்றுதான் நம்புகிறேன்.

சோதித்துப் பார்க்கக் கோட்டைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். மதிலிலிருந்து ஒரு குரங்கு ரோட்டில் குதித்தது. என் வலது கால் அழுத்தி மிதித்தது. அங்கே பிரேக் இல்லை. அடுத்த கியர் விழுந்தது, வண்டி நிற்காமல் போனது. கையில் இருந்த முன் பிரேக் ஞாபகத்துக்கே வரவில்லை. குரங்குதான் சமர்த்தாக ஒதுங்கிக்கொண்டது.

வண்டியை ஓரம்கட்டிவிட்டு யோசித்தேன். என் கையால் மாற்றி வைத்த கியர். எந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கால் கேட்கவில்லை. திடுக்கிட்டால் கால் தன் பழைய இடத்துக்குத்தான் போகும் போலிருக்கிறது. அன்று வகுப்பு டைரியில், பிரேக்கைச் சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிழை ஒன்றும் இல்லை என்று சார் டிக் போட்டார்.

வண்டியைக் கொடுக்கும்போது எந்தக் காலில் எது என்று சுதர்சனுக்குக் காட்டினேன். குரங்கைப் பற்றிச் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்து சில நாளில், ரம்யாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தான்.

“எழிலு, கால் தடுமாறுது. இவ வேற பயப்படறா. பழையபடியே மாத்திக் குடுத்துடேன்.”

கழற்றிய இணைப்புக் கம்பி என் மேஜைக்குக் கீழேதான் இருந்தது. துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவித் துணி சுற்றி வைத்திருந்தேன். மாற்றிப் போட ஒரு மாலைப்பொழுது போதும்.

“அது பழைய இரும்புக்குப் போயிடுச்சு. ஓட்ட ஓட்டப் பழகிடும்” என்றேன்.

“நீ சொன்னா சரி” என்றான்.

ரம்யா அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு, “சீட்டு மெத்துமெத்துன்னு இருக்குதுக்கா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு முறை கால் தடுமாறும்போதும் அவனுக்கு என் ஞாபகம் வரும், அதற்காகத்தான் என்று பதில் வைத்திருந்தேன். கேட்க நன்றாக இருந்தது. வெகு நாள் அதை நம்பினேன்.

மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போய்விட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு நாய் தன் குட்டிகளோடு ரோட்டைக் கடந்தது. வேறு யாராக இருந்தாலும் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருப்பார்கள். சுதர்சன் போக மாட்டான், மிதிப்பான். எந்தக் காலால் மிதிப்பான் என்பதும் எனக்குத் தெரியும். வண்டி நிற்காததால் குட்டிகளுக்காகத் திருப்பியிருக்கிறான். மதகுச் சுவரில் அடித்தது. சுதர்சன் அங்கேயே இறந்துபோனான். குட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னார்கள்.

போன வாரம் ரம்யா பட்டறைக்கு வந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு. வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

“இரும்புக்குப் போட்டுடச் சொல்றாங்கக்கா. எனக்கு மனசு வரல. ஓட்ட வேணாம், சும்மா நிக்கட்டும். நீங்களே சரி பண்ணிக் குடுங்க.”

ஸ்டூலைத் துடைத்து உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, “மிதிச்சிக்கினே இருந்தாருக்கா. நான் பாத்தேன். மிதிக்க மிதிக்க வண்டி போய்க்கினே இருந்துச்சு” என்றாள்.

நான் வண்டியின் வளைந்த சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கல்யாணத்துக்கு நீங்க குடுத்தீங்களே ஹெல்மெட்டு, அத்த அன்னிக்கு எனக்கு மாட்டி விட்டுட்டாருக்கா. பெருசா இருக்குது, உங்களுக்குத்தான குடுத்தாங்கன்னேன். எழிலு குடுத்தது, கெட்டியா இருக்கும், போட்டுக்கன்னாரு. அது இல்லன்னா நான் இன்னிக்கு இல்லக்கா.”

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். என் கையெல்லாம் ஆயில். எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த ஹெல்மெட்டை நான் அவன் தலை அளவுக்குத்தான் வாங்கினேன். புது ஜோடிக்கு ஒன்று போதுமா என்று கடைக்காரர் கேட்டார். ஒன்று போதும் என்றேன்.

ஐயா, நீங்கள் என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சுதர்சனுக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. சாகப்போவது அவள் என்றுதான் நினைத்திருந்தேன்.