ஒரு பேருக்கு ஒரு மரம்

— இறந்தவங்க நினைவா வைக்கிறது, ஒரு பேருக்கு ஒரு மரம்தாம்மா. இங்க ஒரே மனுஷன் பேர்ல ரெண்டு மனு வந்து கிடக்கு. அதான் ரெண்டு பேரையும் வரச் சொன்னேன்.

— நல்லதாப் போச்சு தம்பி. இன்னொன்னக் கிழிச்சுப் போடுங்க. நான் பெத்தவ. என்னோடதுதான் செல்லும்.

— பெத்தவங்க மனு, கட்டிக்கிட்டவங்க மனுன்னு பூங்கா ஆபீஸ்ல தரம் பிரிக்கிறதில்ல. ஏம்மா, நீங்க ஏன் கதவோரமா நிக்கிறீங்க? மாமியார் பக்கத்துல நாற்காலி காலியாத்தான இருக்கு?

— பரவால்ல சார். நின்னுக்கறேன்.

— உக்கார மாட்டாங்க தம்பி. என் காத்து பட்டா ஒட்டிக்கும்.

— சார், நான் அரை நாள்தான் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லுங்க.

— ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் பேசி, இந்த எடம், இந்த மரம்னு ஒரு முடிவுக்கு வாங்க. அவ்ளோதான்.

— அவர் போனதுலேர்ந்து நாங்க பேசறதில்ல சார். வருஷம் ஆகப் போகுது.

— அதுக்கு முன்னாடி மட்டும் என்ன, கொஞ்சிக் குலாவிக்கிட்டா இருந்தோம்?

— சரி, சரி. எனக்குச் சொல்லுங்க, நான் அவங்களுக்குச் சொல்றேன். மரம் வைக்கிற வேலையில இது வேற. மொதல்ல எடம். பெரியம்மா, நீங்க பஸ் ஸ்டாப் பக்கத்துலன்னு கேட்டிருக்கீங்க. அங்க முடியாது. அடியில குடிதண்ணிக் குழாய் போகுது. வேர் போய் ஒடைச்சா உங்க தெருவே குடத்த தூக்கிட்டு அலையணும்.

— அப்ப எதிர்த்தாப்புல வைங்க. நான் என்ன நடுரோட்டுலயா கேக்குறேன்? அவன் பேரு போட்ட பலகை மட்டும் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கண்ணுல படணும்.

— பலகையெல்லாம் கிடையாதும்மா. சட்டம் அப்படி.

— பலகை இல்லாம அது அவன் மரம்னு ஊருக்கு எப்படித் தெரியும்?

— உங்களுக்குத் தெரிஞ்சா போதாதா? சரி, நீங்க சொல்லுங்கம்மா. எங்க வேணும்?

— எங்க குடியிருப்புக்கு எதிர்ல விளையாட்டுத் திடல் இருக்கு சார். ஊஞ்சல் பக்கத்துல. அங்க பொட்டு நிழல் கிடையாது. பாப்பா ஆடுற வரைக்கும் அவர் குடை புடிச்சுக்கிட்டு நிப்பார். ஊஞ்சல் போற பக்கமெல்லாம் குடையும் போகும். பாக்கறவங்க சிரிப்பாங்க.

— தம்பி.

— சொல்லுங்க பெரியம்மா.

— பாப்பா எப்படி இருக்குன்னு கேளுங்க.

— ஏம்மா, பாப்பா எப்படி இருக்கான்னு...

— நல்லா இருக்கா சார். முன்பல்லு விழுந்திருக்கு.

— முன்பல்லு விழுந்திருக்காம்.

— எனக்கும் காது இருக்கு தம்பி.

— எடம் சரி, ஊஞ்சல் பக்கம் தாராளமா வைக்கலாம். பெரியம்மா, நீங்க கொஞ்சம் எறங்கி வரணும்.

— வரேன். எடம் அவங்க இஷ்டம். மரம் என் இஷ்டம். மஞ்சப்பூ மரம் வைங்க.

— அது மட்டும் வேணாம் சார்.

— பாத்தீங்களா? நான் வாயத் தொறந்தாலே வேணாம். ஏனாம்? கேளுங்க.

— வேணாம் சார். வேற எது வேணும்னாலும் வைங்க.

— அவன் பொறந்த வருஷம் எங்க வாசல்ல நானே குழி தோண்டி வச்ச மரம் தம்பி அது. பூத்துச்சுன்னா தெருவே மஞ்சளாக் கிடக்கும். அந்த ரெண்டு மாசமும் என் புள்ள வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். மத்த மாசம் வருவான். பூ விட்டா மட்டும் வரமாட்டான். ஏழு வருஷம்! வாசல்ல நின்னு நின்னு என் காலே மரத்துப் போச்சு. யாரு தடுத்தா? அதையும் கேளுங்க.

— நீங்களே சொல்லிடுங்கம்மா. எனக்குக் கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு.

— நான் தடுக்கல சார். அந்தப் பூ அவருக்கு ஒத்துக்காது.

— என்ன?

— கல்யாணமான மறுவருஷம் ஆரம்பிச்சது. அடுக்கடுக்காத் தும்மல். கண்ணு வீங்கி, மூச்சு இழுத்து... டாக்டர் அந்தப் பூத்தூளுதான்னு சொல்லிட்டார். பாப்பா ஸ்கூல்லேர்ந்து ஒரு பூவ எடுத்துட்டு வந்தா போதும், மனுஷன் பால்கனிக்கு ஓடிடுவார்.

— கதை. என் வீட்ல அவன் ஒரு தும்மல் போட்டு நான் பாத்ததில்ல.

— பூ இல்லாதப்ப வந்தா எப்படித் தும்முவார்? ஒரே ஒரு தடவை பூ சமயத்துல வந்தாரே. நீங்க வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சப்ப. ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் கெளம்பினார்.

— ஆமா. வந்தான். கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்து... என்னடான்னு கேட்டேன். சளின்னான். நான் நம்பல. அழுதுட்டு வந்திருக்கான்னு நினைச்சேன். நீ... நீ வரவிடாம சண்டை போட்டு அழ வச்சிருக்கேன்னு நினைச்சேன்.

— தெரியும்.

— என்கிட்ட ஏன் சொல்லல அவன்?

— 'அம்மாவுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வெட்டிப் போட்டுடுவாங்க. நான் பொறந்ததுக்கு வச்ச மரம். கெட்ட பேர நீ வாங்கிக்கோ, உனக்கு முதுகு பெரிசு'ன்னு சிரிப்பார். நானும் வாங்கிக்கிட்டேன்.

— அவன் போனப்புறமாவது சொல்லியிருக்கலாமேடி!

— யார்கிட்ட சொல்ல? காரியத்தன்னைக்குக் கூடத்துல அத்தனை பேர் முன்னாடி, 'இவதான் என் புள்ளைய என்கிட்டேர்ந்து பிரிச்சா'ன்னீங்க. அதுக்கப்புறம் நான் எதச் சொன்னாலும் சமாளிக்கிற மாதிரிதானே இருக்கும்? எனக்கும் கோவம் இருந்தது. இப்பவும் இருக்கு.

— பெரியம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க. அழாதீங்க. ஏம்மா, அந்தச் செம்ப எடுத்துக் குடுங்க. ஆங், அப்படியே அந்த நாற்காலில உக்காந்துக்கோங்க.

— தம்பி, என் மனுவக் கிழிச்சுடுங்க.

— அவசரப்படாதீங்க.

— கிழிங்க. எடமும் அவளுது, மரமும் அவளுது. தண்ணி யாரு ஊத்துவா?

— மனு குடுத்தவங்கதான். மொதல் ரெண்டு கோடை. எங்க லாரி எப்பவாவதுதான் வரும்.

— நான் வேலைக்குப் போய்ட்டு இருட்டினப்புறம்தான் வருவேன் சார். சாயங்காலத்துல யாராவது வந்து ஊத்தினா உதவியா இருக்கும். பாப்பாவும் அப்ப அங்கதான் இருப்பா.

— யாராவதுன்னா யாரு? நேரா சொல்லு.

— நீங்கதான்.

— வரேன். தம்பி, இன்னொண்ணு கேக்கணும். நிக்கிற மரத்த வெட்டறதுக்கு எங்க மனு குடுக்கணும்?

— அது மாடியில. எதுக்கும்மா?

— எங்க வாசல்ல நிக்கிறது உங்க நகராட்சி எடம்தான். இன்னைக்கே ஆள அனுப்பி வெட்டச் சொல்லுங்க. என் புள்ளைய என் வீட்டுக்கு வரவிடாத சனியன். அதுக்கு நானே தண்ணி ஊத்தி வளத்திருக்கேன்.

— நல்லா இருக்கிற மரத்த அப்படியெல்லாம் வெட்ட மாட்டோம்மா. சரி, அது அப்புறம். ஊஞ்சல் பக்கத்துல என்ன மரம்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்.

— அவளக் கேளுங்க. நான் இனிமே வாயே தொறக்கல.

— அத வெட்ட வேணாம் அத்தை. ஊஞ்சல் பக்கத்துலயும் மஞ்சப்பூவே வைக்கச் சொல்லுங்க. இனிமே அவருக்குத் தும்மல் வராது.